எட்டடிச் சந்து

பூங்கொடி நகரைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் அரைப்பக்கம் வந்தது. நிலத்தைக் கொடுத்த பொன்னுரங்கத்தின் பெயர் அதில் இருந்தது. திட்டம் போட்ட பொறியாளர் துரைராஜின் பெயர் இருந்தது. நலச்சங்கச் செயலாளர் ஸ்ரீநிவாசராகவனின் பெயர் படத்தோடு இருந்தது. ஐந்து மாதம் முதுகு ஒடியக் குனிந்து அந்த நகரை டிரேசிங் பேப்பரில் வரைந்த எத்திராஜின் பெயர் மட்டும் இல்லை. அதற்காக அவன் வருத்தப்பட்டான் என்று சொன்னால் அது பொய். வரைகிறவன் பெயர் எந்தக் காலத்தில் பத்திரிகையில் வந்தது? அவன் கவலை வேறு. அதே நகரில் அவன் கட்டி முடித்திருந்த வீட்டுக்கு எட்டு மாதமாகத் தண்ணீர் வரவில்லை.

இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே இறங்கிக் கால் மைல் நடந்தால் பூங்கொடி நகர். நூற்றுப் பன்னிரண்டு மனைகள், நடுவே பூங்கா, முப்பதடிச் சாலைகள். ஐப்பசியில் தாம்பரமே வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முட்டித் தண்ணீரில் நடக்கும்போது, இங்கே மழைநீர் தானாக ஓடிப்போய்க் குட்டையில் விழும். முன்பக்கச் சுவர்கள் எல்லா வீட்டுக்கும் இரண்டரை அடிதான். அதற்கு மேல் கம்பி வேலி. தெருவில் நின்றால் ஒவ்வொரு வீட்டுச் செம்பருத்தியும் கண்ணில் படும். கல்லூரிப் பிள்ளைகள் வேன் வைத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 'ஊர் என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, நகர் நிஜமாகவே அழகுதான்.

நகருக்குச் சொந்தக் கிணறு, சொந்த மேல்நிலைத் தொட்டி. சங்கத்தில் உறுப்பினர் ஆனால்தான் குழாய் இணைப்பு. உறுப்பினர் ஆவதற்குக் கமிட்டி சம்மதிக்க வேண்டும். பொன்னுரங்கம் தன் பங்குக்கு நிறுத்தி வைத்திருந்த மனைகளில் முப்பத்தேழாம் எண்ணை எத்திராஜுக்குத் தவணையில் கொடுத்தார். அவன் வரைந்த நகர், அவன் வரைந்த மனை, பூங்காவைப் பார்த்த வாசல். வீடும் எழுந்துவிட்டது. கமிட்டியைக் கேட்டால் மட்டும், "உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில். மற்றவர்களின் மனுவைப் பரிசீலிக்க ஒரு வாரம் போதுமாக இருந்தது. இவன் மனுவில் அப்படி என்னதான் இருந்ததோ, எட்டு மாதம் பரிசீலித்தார்கள்.

என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எத்திராஜின் அம்மா முத்தாலம்மாள் மீன் விற்கிறவள். அதுவும் எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஊரில் அல்ல, இதே பூங்கொடி நகரில். கோவளத்துப் பக்கம் குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி, எட்டு மணிக்கெல்லாம் கூடையோடு இங்கே வந்துவிடுவாள். சங்கரா, காரப்பொடி, நெத்திலி, நல்ல நாளில் வஞ்சிரம். நகரில் பாதிக்குமேல் வீடுகளில் அவள் மீன்தான் குழம்பாகக் கொதித்தது. மீன் வேண்டும். மீன்காரியின் மகன் அடுத்த வீட்டில் குடியிருப்பதுதான் தொண்டையில் சிக்கியது.

அவள் வருகிற வழியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதையே அதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு வரிசை வீடுகளுக்கும் பின்னால் ஒரு சந்து உண்டு, எட்டடி அகலம். சாக்கடையைத் தூர் வார, குப்பையை எடுக்க என்று சொல்லித்தான் துரைராஜ் அதைப் போடச் சொன்னார். எத்திராஜ் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன். குப்பைச் சந்துதானே என்று இரண்டு கோடு இழுத்து விட்டுவிடவில்லை. தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுத்தான், ஓரமெல்லாம் புங்க மரத்துக்கு வட்டம் போட்டான். நகர் உருவாகி ஆறு மாதத்தில் சங்கம் நகரின் நுழைவாயிலில் ஒரு பலகை வைத்தது. 'வியாபாரிகளும் வேலையாட்களும் பின்பாதையை மட்டுமே பயன்படுத்தவும்.' அன்றைக்கு அலுவலகத்துக்குப் போய், கோடு போடும் டி-ஸ்கொயரைக் கையில் எடுத்தவன் அதைத் திரும்பப் பலகையிலேயே வைத்துவிட்டான். தான் போட்ட கோடு இந்த வேலைக்குப் போகும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

முத்தாலம்மாள் பலகையைப் படித்தவள் இல்லை. சவுரிமுத்து என்ற வாட்ச்மேன், "ஆயா, இனிமே பின்னால போ" என்று கையைக் காட்டினான், போனாள். போனவளுக்குச் சந்து ரொம்பப் பிடித்துப்போயிற்று. கீரைக்காரியிடமும் பால்காரனிடமும் ஒரு பாட்டம் சொல்லியாயிற்று.

"எம் புள்ள போட்ட ரோடு இது. வெயிலு படுதா பாரு. காலுல ஒரு சொட்டு தண்ணி நிக்குதா பாரு. ஆத்தா கூடைய தூக்கினு வருவாளேன்னு நெனச்சிகினு போட்டுக்கீறான்."

பின்பக்கச் சுவர் நாலரை அடி உயரம். மீன் கூடையைத் தலையிலிருந்து ஒருத்தி தனியாக இறக்க முடியாது, எதிரே ஒருவர் கை கொடுக்க வேண்டும். பூங்கொடி நகரில் கூடையைத் தொடுவார் யாரும் இல்லை. சுவர் தோதான உயரத்தில் இருந்ததால் அவள் கூடையைச் சுவரின்மேல் சாய்த்து இறக்கிக்கொள்வாள். அதையும் மகன்தான் யோசித்து வைத்தான் என்று நம்பினாள். நாலரை அடி என்பது துரைராஜ் சொன்ன அளவு, திருடனுக்காகச் சொன்னது. எத்திராஜ் அதை அவளிடம் சொல்லவில்லை. அம்மா முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபிறகு எந்த மகனுக்குச் சொல்ல வாய் வரும்?

தை பிறந்ததும் ஸ்ரீநிவாசராகவன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கோபமே வராது, குரலே உயராது. அப்படிப்பட்டவர்களிடம்தான் எத்திராஜுக்குப் பயம். பொன்னுரங்கமும் இருந்தார். சங்கத்துக்கு அவர்தான் தலைவர்.

"உட்காருங்கோ மிஸ்டர் எத்திராஜ். நல்ல நியூஸ். கமிட்டி உங்களை அக்செப்ட் பண்ணிடுத்து."

எத்திராஜுக்கு நாற்காலியில் உட்கார்ந்தது கூட நினைவில்லை. நிறைமாதமாக இருக்கும் தனக்கோடியின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. கிழக்குத் தாம்பரத்தில் ஒண்டுக் குடித்தனத்தில், மாடிப்படி ஏறி இறங்கிக் குடத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள் அவள்.

"பத்தாம் தேதி ஞாயித்துக்கிழமை ஃபாரின்லேர்ந்து ஒரு குரூப் வரது. சிட்டி பிளானிங் பண்றவா. அவா ஊர்ல சைக்கிளுக்கே தனி ரோடாம், உலகமே போய்ப் பார்க்கறதாம். அவா நம்ம நகரைப் பார்க்க வரா" என்றார் செயலாளர். "போன தடவை வந்தவா ஒரு கேள்வி கேட்டா. இங்கே எல்லாத் தரப்பு ஜனங்களும் இருக்காளான்னு. எனக்குப் பதில் சொல்ல முடியலை. இப்போ நீங்க இருக்கேள். பிளானை வரைஞ்சவரே மீனவர் குடும்பம், இங்கேயே வீடு கட்டியிருக்கார்னா எவ்வளவு பெருமை! கிரகப்பிரவேசத்தை அன்னிக்கே வெச்சுக்குங்கோ. அவாளும் ஒரு ஃபங்ஷன் பார்த்த மாதிரி இருக்கும். தண்ணி கனெக்‌ஷன் சனிக்கிழமையே கொடுத்துடறேன்."

பிறகு ஒரு தாளை நகர்த்தினார். உறுதிமொழிக் கடிதம், டைப் அடித்துத் தயாராக இருந்தது. 'என் தாயார் உட்பட, என் இல்லத்துக்கு வரும் மீன் வியாபாரம் செய்வோர் அனைவரும் பின்பாதையை மட்டுமே பயன்படுத்துவர் என உறுதி கூறுகிறேன்.'

எத்திராஜ் இரண்டு தரம் படித்தான். "சார், கூடை இல்லாம சும்மா வந்தா?"

"அதெல்லாம் பேப்பர்ல பிரிச்சு பிரிச்சு எழுத முடியுமா? ஒரு டிசிப்ளினுக்குத்தான். உங்கம்மா மேல எனக்கு ரொம்ப மரியாதை."

எத்திராஜ் பொன்னுரங்கத்தைப் பார்த்தான். அவர் ஜன்னல் வழியாகப் பூங்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மண்ணில் நாற்று நட்டவர். வெயிலில் கருத்த கை இன்னும் வெளுக்கவில்லை. "போட்டுடு எத்திராஜு" என்றார் மெதுவாக. "நான் தலைவருன்னு பேருதான். ஓட்டுக்கு வந்தா எம் பக்கம் ரெண்டு கை தூக்காது. புள்ளத்தாச்சிப் பொண்ண வெச்சிகினு எத்தினி நாளு அலைவே?"

போட்டான். வெட்கமாகத்தான் இருந்தது. பேனா மூடியைத் திருகும்போது விரலில் அமோனியா வாடை அடித்தது. வரைபடம் நகலெடுக்கிற அறையின் வாடை அது, சோப்புப் போட்டாலும் போகாது. பதினைந்து வருஷம் முன்னால் இதே விரலில் வேறு வாடை இருந்தது. அதைப் போக்கத்தான் அம்மா அவனைப் பாலிடெக்னிக்குக்கு அனுப்பினாள்.

அடுத்த நாள் குப்பத்துக்குப் போனான். அம்மா வலைக்காரர்களோடு பேரம் பேசி முடித்து ஐஸைத் தட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"தண்ணி குட்துட்டாங்களா? நெஜமாவா சொல்றே? அங்காளம்மா கண்ணத் தொறந்துட்டாடா!"

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மகன் வீடு கட்டினால் தாய்தான் முதலில் கால் வைக்க வேண்டும். விடியலில் கடலில் இறங்கி ஒரு செம்பு தண்ணீர் மொண்டு, வீடு போய்ச் சேரும்வரை கீழே வைக்காமல் கொண்டுபோய், நிலைப்படியில் தெளித்து, வலது காலை எடுத்து வைப்பாள். அவளுக்குப் பின்னால்தான் சாமி படம், விளக்கு, மகன், மருமகள் எல்லாம். முதல் கால் ஒரு தடவைதான். அது தவறிப்போனால் மறுபடி வைக்க முடியாது.

"அன்னிக்கு யாவாரம் வாணாம்மா" என்றான் எத்திராஜ். "கூடை இல்லாம சும்மா வா. செம்பு மட்டும் எடுத்துகினு வா."

"இன்னாடா, எனக்குத் தெரியாதா? புதுசு கட்டிகினு வரேன்."

கடிதத்தைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று பஸ் ஸ்டாண்டு வரை நினைத்தான். பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டான். கூடை இல்லாமல் வந்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். வண்டலூர் வருவதற்குள் அந்தச் சமாதானத்தை அவனே நம்பவும் தொடங்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் நேரம். வாசலில் வாழை மரம் கட்டி, பந்தல் போட்டு, கோலம் போட்டாயிற்று. தனக்கோடி வயிற்றைத் தாங்கிக்கொண்டு கொல்லைக் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். தண்ணீர் கொட்டும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். எட்டு மணிக்கே இரண்டு வேன்கள் வந்துவிட்டன. வெள்ளைக்காரர்கள் ஏழெட்டுப் பேர். ஸ்ரீநிவாசராகவன் பட்டு அங்கவஸ்திரத்தில் இருந்தார். எத்திராஜின் வரைபடத்தைச் சட்டம் போட்டுப் பந்தலுக்குள் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார். பத்திரிகையில் வராத பெயரை, இன்றைக்கு அவரே பத்துத் தரம் சொன்னார்.

வந்தவர்களில் வயதான அம்மாள் ஒருத்தி இருந்தாள். நரைத்த தலை, தோளில் கேமரா, கையில் நோட்டு. மற்றவர்கள் பூங்காவைப் புகழ்ந்துகொண்டிருக்க, அவள் வரைபடத்தின் முன் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு நின்றாள். வீட்டு வரிசைகளின் பின்னால் ஓடிய இரட்டைக் கோட்டை விரலால் தொட்டு, "இது என்ன?" என்று கேட்டாள்.

"வடிகால்" என்றார் செயலாளர் சட்டென்று. "கழிவு நீர் போக." அப்படியே அவளைப் பூங்காப் பக்கம் திருப்பினார்.

எட்டரை ஆயிற்று. அம்மாவைக் காணோம். எத்திராஜ் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தான். ஸ்ரீநிவாசராகவன் அவன் காதருகே வந்தார். "உங்கம்மா எங்கே? முன்னாடி நிறுத்துங்கோ, ஃபோட்டோ எடுக்கணும்னு கேக்கறா. இன்னிக்கு முன்பக்கமா வந்தா ஒண்ணும் தப்பில்லை, நான் இருக்கேன்." பெரிய மனது பண்ணிச் சொல்கிற முகம் அவருக்கு.

எட்டே முக்காலுக்குக் கொல்லையிலிருந்து தனக்கோடி கூப்பிட்டாள். "இங்க வாங்க, சீக்கிரம்." அவள் குரலில் ஏதோ இருந்தது. பந்தலை விட்டு, பக்கவாட்டு நடை வழியாக வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினான்.

பின்வாசல் கதவு திறந்திருந்தது. முத்தாலம்மாள் சமையலறைக்குள் நின்றுகொண்டிருந்தாள். புதுப்புடவை, தலையில் கனகாம்பரம். காலி செம்பு கையில். பின்வாசல் படியெல்லாம் ஈரம். அவளுடைய ஈரக் கால் தடம் சிமெண்ட் தரையில் தெளிவாக இருந்தது. வலது கால்தான் முதலில்.

"ஏம்மா!" என்றான் செம்பைப் பார்த்து. "முன்னால எல்லாரும் நிக்கிறோம். ஏம்மா பின்னால வந்தே?"

"கத்தாதடா, ஊர்ல கீறவங்கல்லாம் வாசல்ல கீறாங்க" என்றாள் அவள் தணிந்த குரலில். "நீ கையெழுத்து போட்டுக்கீறேன்னு எங்கிட்ட மீனு வாங்குற பதினாலாம் நம்பரு டீச்சரம்மா சொன்னாங்க. நான் பின்னாலதான் வரணும்னு எழுதிக் குட்துக்கீறியாமே. போட்டத காப்பாத்த வாணாவா? நல்ல நாளு அதுவுமா எம் புள்ள பொய்காரன்னு ஒருத்தன் சொல்லிடக் கூடாது பாரு."

அவள் முகத்தில் துளி வருத்தம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது. திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பான். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் அந்தச் செம்பைக் கீழே வைக்காமல் மடியில் பிடித்துக்கொண்டு வந்து, அவன் கௌரவத்துக்காகப் பின்வாசலில் ஊற்றியிருக்கிறாள். முதல் கால் வைத்தாயிற்று. இனி அதை மாற்ற அவனாலும் முடியாது, அங்காளம்மனாலும் முடியாது. தனக்கோடி சுவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாடா, நேரம் போவுது" என்று முத்தாலம்மாள் முன்கட்டுக்கு நடந்தாள். உள்ளேயிருந்து வந்து வாசல் நிலையில் நின்று, வந்திருந்தவர்களை எல்லாம் பார்த்துக் கும்பிட்டாள். வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். சடங்கே அப்படித்தான் போலிருக்கிறது, தாய் உள்ளேயிருந்து வந்து வரவேற்பாள் என்று எண்ணிக்கொண்டார்கள். கேமராக்கள் சொடுக்கின. ஸ்ரீநிவாசராகவன் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினார். மீனவத் தாய், படித்த மகன், எல்லோருக்கும் இடம் உள்ள நகர்.

பால் பொங்கியது. எல்லோரும் பந்தலில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நரைத்த அம்மாள் எத்திராஜின் பக்கத்தில் வந்து நின்றாள். மறுபடியும் வரைபடம், மறுபடியும் அதே இரட்டைக் கோடு. வரைந்தவனிடமே கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறாள். "இது வடிகால் என்றால் மரம் ஏன் போட்டிருக்கிறீர்கள்? இதில் யார் நடக்கிறார்கள்?"

எத்திராஜுக்கு வரைபட ஆங்கிலம் கொஞ்சம் வரும். "என் அம்மா" என்றான்.

"ஓ, எவ்வளவு அழகு!" என்று அவள் நெஞ்சில் கையை வைத்தாள். "அம்மாவுக்காக ஒரு பாதை!" நோட்டில் எழுதிக்கொள்ளவும் தொடங்கினாள். செயலாளர் முகத்தில் போன உயிர் திரும்பி வந்தது. அவர் எத்திராஜின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். குழாயில் தண்ணீர் வருகிறது. இன்னும் பதினைந்து நாளில் பிள்ளை பிறக்கப் போகிறது. ஒரு அம்மாள் தப்பாகப் புரிந்துகொண்டதில் யாருக்கு என்ன நஷ்டம்? எத்திராஜ் இதையெல்லாம் யோசித்தான். பந்தலின் ஓரத்தில் அவன் அம்மா சின்ன டம்ளரில் காபியை ஆற்றிக்கொண்டு நின்றாள். எத்தனையோ நாற்காலிகள் காலியாக இருந்தன. அவள் உட்காரவில்லை.

"இல்லை மேடம்" என்றான். "நான் சரியாகச் சொல்லவில்லை. முன்னால் இருக்கும் இந்தச் சாலையில் என் அம்மா நடக்கக் கூடாது. மீன் விற்கிறவர்கள், கூட்டுகிறவர்கள் எல்லாம் பின்னால்தான் வர வேண்டும். போர்டு இருக்கிறது. இந்த வீட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்று நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இன்றைக்கும் அம்மா பின்னால்தான் வந்தார்கள்."

அவள் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.  செயலாளர், "எ ஸ்மால் மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்" என்று ஆரம்பித்தார். அவர் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது.

அந்த அம்மாள் நோட்டை மூடினாள்.  பிறகு எத்திராஜிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "எங்கள் ஊர் சைக்கிள் பாதைகளைப் பார்க்க எல்லா நாட்டிலிருந்தும் வருகிறார்கள். அவற்றைக் கூட்டுகிறவர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். வேறு நிறத்தவர்கள். என் தெருவில் அவர்களுக்கு யாரும் வீடு கொடுப்பதில்லை. முப்பது வருஷமாக விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு போகிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவரையும் அழைத்துப் போனதில்லை." காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முத்தாலம்மாளிடம் போய் அவளைப் போலவே கும்பிட்டுவிட்டு வேனில் ஏறினாள்.

எல்லோரும் போன பிறகு முத்தாலம்மாளுக்கு யாரோ விஷயத்தைச் சொன்னார்கள். மகனைப் பிடித்து உலுக்கி எடுத்துவிட்டாள்.

"புத்தி கெட்டவனே! நான் எதுனா கேட்டனா உன்ன? எனக்கு சந்துல இன்னா கொற? இப்போ தண்ணிய நிறுத்திட்டா புள்ளத்தாச்சி இன்னாடா பண்ணுவா?"

"அம்மா, அந்தச் சந்து உனக்காக நான் போட்டதில்லமா" என்றான் எத்திராஜ். சொல்லவேண்டிய வேறொன்றும் மிச்சமில்லாததால் அதையும் சொன்னான். "குப்பைக்குப் போட்டது. சொவுரு திருடனுக்காக. உன்ன நெனச்சி நான் ஒண்ணுமே போடல."

 அவள் செம்பை எடுத்துக்கொண்டு போனாள். பின்வாசல் வழியாகத்தான் போனாள், ஆனால் கீரைக்காரியிடம் நின்று பேசவில்லை.

திங்கட்கிழமை தண்ணீர் வந்தது. செவ்வாய்க்கிழமை நின்றது. மோட்டார் ரிப்பேர் என்றார்கள். முப்பத்தாறாம் எண்ணிலும் முப்பத்தெட்டிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, நடுவில் இருக்கும் வீட்டுக்கு மட்டும் மோட்டார் ரிப்பேர். பொன்னுரங்கம் அந்தப் பக்கமே வரவில்லை. எத்திராஜ் இரும்புலியூர் அடி பம்பிலிருந்து சைக்கிளில் குடம் கட்டிக் கொண்டுவந்தான். முத்தாலம்மாளும் திங்கட்கிழமையிலிருந்தே வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வியாபாரத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. அவளிடம் ஏன் சொன்னோம் என்று எத்திராஜ் தன்னையே நொந்துகொண்டான். தண்ணீர் போனதைவிட அதுதான் அவனை அரித்தது.

வியாழக்கிழமை காலை, குடத்தை இறக்கிவிட்டு அலுவலகத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். "மீனேய்... சங்கரா மீனேய்..." என்று சத்தம் கேட்டது. சத்தம் வந்த திசைதான் அவனைத் தூக்கிவாரிப் போட்டது. பின்னாலிருந்து வரவில்லை. முன்னாலிருந்து, பூங்காப் பக்கமிருந்து வந்தது.

சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடினான். முப்பதடிச் சாலையின் நட்ட நடுவில், தலையில் கூடையோடு முத்தாலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி அவள் தோளை நனைத்தது. சவுரிமுத்து தடியை வைத்துக்கொண்டு முன்னால் நின்றான். அடிக்கவும் மனசில்லாமல், விடவும் தைரியம் இல்லாமல், "ஆயா, எனக்கு வேலை பூடும் ஆயா, பின்னால போயிடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். ஸ்ரீநிவாசராகவன் தன் வீட்டு கேட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலாம் நம்பர் டீச்சரம்மா ஜன்னல் திரையைப் பாதி விலக்கியிருந்தாள்.

முத்தாலம்மாள் கூடையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். இத்தனை வருஷக் கூடை தூக்கலில் அவள் அப்படிப் பிடித்ததில்லை. அவள் பயந்திருந்தாள்.

"ஏம்மா?" என்றான் எத்திராஜ். 

"நீதான அத்தினி பேரு முன்னால சொன்னே, எங்கம்மாவ இந்தப் பக்கம் வுடறதில்லன்னு, அது தப்புன்னு" என்றாள் அவள். மூச்சு வாங்கியது. "சொல்லிட்டே. அப்பாலயும் நான் சந்துலயே போய்கினு இருந்தா நீ சொன்னதுக்கு இன்னாடா மதிப்பு? கையெழுத்து போட்டேன்னு பின்னால வந்தேன். வாயால சொன்னேன்னு முன்னால வந்துக்கீறேன். ரெண்டும் எம் புள்ள சொன்னதுதான?"

 தெருவில் யாரும் அசையவில்லை.

"இன்னா மரம் மாதிரி நிக்கிறே?" என்றாள் முத்தாலம்மாள். "முன்னால சொவுரு ரெண்டரை அடிதான் போட்டு வெச்சிக்கீறே. எதும் மேல சாய்ப்பேன்? கை குடுடா, கழுத்து போவுது."

எத்திராஜ் சட்டைக் கையைக்கூட மடிக்கவில்லை. இரண்டு கைகளாலும் கூடையின் அடியைப் பிடித்தான். கனமாக இருந்தது, அவன் நினைத்திருந்ததைவிட ரொம்பக் கனமாக. மீன் தண்ணீர் முழங்கை வழியாக உள்ளே ஓடியது. அம்மாவும் மகனுமாகக் கூடையைத் தாழ்த்தி, முப்பத்தேழாம் எண் வாசலில், கோலத்துக்கு நடுவில் இறக்கி வைத்தார்கள்.